ஒரு பத்தித் தீர்ப்புகள்: அண்மைக்கால வீடியோ கேம்கள், வகைக்கு ஒன்றாக (உரையாடல்; ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது எழுதுபவரின் புனைபெயர்)

கடைசிக்கட்டம்:

2023 முதல் 2025 வரை வெளியானவற்றுள் நான் போதிய அளவு ஆடிய சிலவற்றுக்குத் தலைக்கு ஒரு பத்தியாகத் தீர்ப்பு எழுதுகிறேன். மதிப்பெண் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் ஆடினேன் என்பதைப் பெயருக்கு அருகிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து மணி நேரம் இனித்த விளையாட்டு ஐம்பதாவது மணி நேரத்தில் புளித்துப்போவதும், தொடக்கத்தில் எரிச்சலூட்டியது பிறகு ஆளை விடாமல் பிடித்துக்கொள்வதும் இந்தத் துறையில் அன்றாடம் நடப்பவை. எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று சொல்லாத விமர்சகனின் சொல்லுக்கு நான் எடை தருவதில்லை.

கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 (2025 ஏப்ரல், முடித்தேன்). ஆண்டுதோறும் ஓர் ஓவியக்காரி கண்ணெதிரே நிற்கும் பெருங்கல்லில் ஓர் எண்ணை வரைகிறாள். அந்த வயதுடையோர் அனைவரும் இதழ்களாக உதிர்ந்து மறைகிறார்கள். எண் ஆண்டுக்கு ஒன்று குறைகிறது. இந்தக் கரு ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதியைச் செய்வது சண்டை. முறைவைத்து அடிக்கும் பழைய ஜப்பானிய மரபுதான், ஆனால் எதிரியின் முறை வரும்போது கைகட்டி உட்கார முடியாது. அடி விழும் கணத்தில் பொத்தானைத் தட்டித் தடுத்தால் எதிரடி கிடைக்கும், தவறினால் உயிர் போகும். பிரான்சின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த சாண்ட்ஃபால் குழுவுக்கு இது முதல் படைப்பு என்பதை நம்புவது கடினம். மூன்றாம் அங்கத்தில் மட்டும் கட்டு தளர்கிறது: ஓர் அடியால் விளையும் சேதத்தின் உச்சவரம்பு நீங்கியதும், சரியான இணைப்புகளைக் கோத்தவர் எதிரி வாய் திறக்குமுன்பே அவனை முடித்துவிடலாம். அதற்குள் கற்ற தடுப்புக் கலைக்கு வேலை இல்லாமல் போகிறது.

ஹாலோ நைட்: சில்க்சாங் (2025 செப்டம்பர்; இரண்டாம் அங்கம்வரை மட்டும்). 2019-இல் அறிவிக்கப்பட்டு ஆறரை ஆண்டுகள் காக்கவைத்த விளையாட்டு. நாயகி ஹார்னெட்டின் ஓட்டமும் தாவலும் கைக்கு அவ்வளவு இதமாக இருக்கின்றன. ஆனால் உயிரை முகமூடிகளால் அளக்கும் இதில், ஐந்து முகமூடியோடு தொடங்குபவரிடம் பல எதிரிகள் ஓரடிக்கு இரண்டைப் பறிக்கிறார்கள். மூன்றாவது அடியில் சாவு. சில இடங்களில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இருக்கைக்கும் விளையாட்டின் நாணயமான மணிகளைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். அழகானது, ஆனால் தண்டனையையே ஆழம் என்று எண்ணிக்கொண்ட விளையாட்டு.

பலாட்ரோ (2024 பிப்ரவரி, எண்ணற்ற சுற்றுகள்). சீட்டுக்கட்டின் போக்கர் கைகளுக்குப் புள்ளி, அதற்கொரு பெருக்கி, இரண்டையும் வளைக்க 150 ஜோக்கர்கள். எல்லோரும் விதியைக் கற்றுக்கொண்டு ஆடுவார்கள். இங்கே விதியை உடைக்கக் கற்றுக்கொள்கிறோம். ஒரே ஒருவர் உருவாக்கியது. பந்தயப் பணம் எதுவும் இல்லாத இதற்கு ஐரோப்பிய வயதுத் தரவாரியம் 18 என்று முத்திரை குத்தி, பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று இறங்கி வந்தது. நிறை குறை பேசத் தேவையில்லை. மறுநாள் காலை எழ வேண்டியிருந்தால் தொடாதீர்கள்.

ப்ளூ பிரின்ஸ் (2025 ஏப்ரல், 46ஆம் அறைவரை). மூடிய கதவைத் திறக்கும்போதெல்லாம் மூன்று அறைகளுள் ஒன்றைத் தேர்ந்து வீட்டை நாமே அடுக்குகிறோம். இரவு வந்தால் வீடு மறுபடி வெறுமையாகிவிடும். பெரும்பாலும் நமக்குத் தெரிந்தது மட்டும் நம்மோடு தங்கும். இலக்கான 46ஆம் அறையை அடைந்தபின்தான் வீடு உண்மையில் திறக்கிறது என்கிறார்கள். அங்கேயே நான் நிறுத்திக்கொண்டேன், காரணம் சலிப்பு.

சிவிலைசேஷன் VII (2025 பிப்ரவரி, ஏழு முழு ஆட்டங்கள்). ஒரே நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளிவரை இழுத்துச்செல்லும் மரபை உடைத்து, ஆட்டத்தை மூன்று யுகங்களாகப் பிரித்து, யுகத்துக்கு யுகம் நாகரிகத்தையே மாற்றச் சொன்னது, வெளியானபோது. போர்கள் நடுவிலேயே நின்றுபோயின. படைகளில் ஒரு பகுதி கரைந்தது. நானே கட்டிய வீட்டிலிருந்து என்னையே காலி செய்யச் சொன்னதுபோல் இருந்தது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 (2023 ஜூன், இரண்டாண்டுகளாக விட்டுவிட்டு). சண்டை வகையில் இன்று தொடங்க விரும்பும் ஒருவருக்கு வேறு பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் (2025 மார்ச், முடித்தோம்). தனியாக ஆடவே முடியாது, இருவர் வேண்டும். ஒருவர் வாங்கினால் நண்பர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம் என்பது பெருந்தன்மை. அறிவியல் புனைவு எழுதும் மியோ, மாயக்கதை எழுதும் ஸோயி இருவரின் உரையாடல் சப்பென்று இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் திரையைப் பிளக்கும் கோடே விளையாட்டுப் பொருளாக மாறும் இடத்துக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

சைலண்ட் ஹில் 2 மறுவாக்கம் (2024 அக்டோபர், முடித்தேன்). 2001-இன் அச்சத்தை ப்ளூபர் குழு மரியாதையோடு மீட்டிருக்கிறது. நீளத்தைத்தான் கூட்டிவிட்டார்கள். சிறைச்சாலைப் பகுதிக்கு வரும்போது பயம் பழகிவிடுகிறது. பழகிய பயம் வெறும் நடை.

கான்கார்ட் (2024 ஆகஸ்ட்). இணையத்தில் மட்டுமே ஆடக்கூடிய சுடும் விளையாட்டு. 23ஆம் தேதி வெளியாகி, செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது; வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. நான் ஆடத் திட்டமிட்ட வாரத்தில் அது இல்லை.

ஊசிமுனை:

சில்க்சாங் பற்றிய பத்தியை மறுக்கிறேன். இரண்டு முகமூடிக் கணக்கைச் சொன்னவர் அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். முதல் விளையாட்டான ஹாலோ நைட்டில் குணமாக வேண்டுமென்றால் தரையில் அசையாமல் நின்று ஒரு முகமூடியை மட்டுமே மீட்கலாம். இங்கே பட்டு நூல் நிறைந்திருந்தால் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகள் திரும்பும். அதையும் அந்தரத்தில் இருந்தபடியே செய்யலாம். குணமாவதன் அளவு மும்மடங்கானபோது அடியின் அளவு இருமடங்கானது இயல்பான சமன்பாடே தவிரக் கொடுமையன்று. அந்த நூலோ எதிரியை அடித்தால்தான் சேரும். ஆகவே பின்வாங்கிப் பதுங்குபவரை விளையாட்டு தண்டிக்கிறது, நெருங்கி நின்று அடிப்பவருக்குப் பரிசளிக்கிறது. முதல் விளையாட்டின் பழக்கத்தோடு இதற்குள் வந்தவர்களுக்கே இது அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன்.

கீழ்நோக்கிய குத்து சாய்வாகப் பாய்வது பிடிக்கவில்லை என்று பலரும் புலம்புவதையும் கண்டிருக்கிறேன். தாக்கும் பாணியை மாற்றும் வாண்டரர் முகடு என்னும் அணியை எடுத்து மாட்டினால் பழைய நேர்க்குத்து திரும்பிவிடும். தாங்கள் அதைத் தேடி எடுத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

நடுநாற்காலி:

ஊசிமுனை சொல்லும் சமன்பாடு சரி. ஆனால் என் குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விளையாட்டில் கருவிகளை எறிவதற்கு, வழியில் பொறுக்கிச் சேர்க்கும் ஓட்டுச் சில்லுகள் செலவாகின்றன. ஒரு பெரிய எதிரியிடம் மீண்டும் மீண்டும் தோற்பவர் ஒவ்வொரு முயற்சியிலும் சில்லுகளை இழந்து, பத்தாவது முயற்சியில் வெறுங்கையோடு நிற்கிறார். அதாவது உதவி மிகவும் தேவைப்படுபவரிடம்தான் உதவி முதலில் தீர்கிறது. திறமைசாலிக்கு அந்தப் பை எப்போதும் நிறைந்தே இருக்கும். கடினம் என்பதில் எனக்குப் பகை இல்லை, இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில்தான் பகை. தோற்ற இடத்துக்குத் திரும்ப ஓடும் தூரத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் ஆகிய இரு எதிரிகளின் கடுமையை வெளியான சில நாட்களிலேயே ஒரு திருத்தம் வழியாகச் சற்றுக் குறைத்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன். உருவாக்கியவர்களுக்கே ஓரிரு இடங்களில் கை சற்று ஓங்கிவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசிக்கட்டம்:

ஊசிமுனை அவர்களே, நீங்கள் கேட்டதற்கு நேர்மையான பதில்: வாண்டரர் முகடை நான் எடுக்கவில்லை. தொடக்கத்தில் தரப்பட்ட முகடோடேயே நாற்பது மணி நேரத்தைத் தள்ளியிருக்கிறேன். அந்தரத்தில் குணமாக முடியும் என்பதை அறிந்திருந்தும் பழைய பழக்கத்தில் தரைக்கு இறங்கியே நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்வதாகப் பெருமையடித்துவிட்டு, எப்படி ஆடினேன் என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. திரும்ப ஆடிவிட்டு எழுதுகிறேன். நடுநாற்காலி சொன்ன சில்லுக் குறையை மட்டும் இப்போதே வழிமொழிகிறேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் சில்லு பொறுக்கியே கழிந்தது.

கணக்கர்:

மதிப்பெண் வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தியில் எழுதும் விமர்சகர் நழுவிப்போக இடம் வைத்துக்கொள்கிறார். "அழகானது, ஆனால்" என்று தொடங்கும் வாக்கியத்தை எதிர்தரப்பும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். எண்ணைப் போட்டுவிட்டால் பிறகு மறுக்க முடியாது. இருபது விளையாட்டுகளுக்கு எண் தந்த ஒருவரை அவருடைய எண்களைக் கொண்டே சோதிக்கலாம்.

கடைசிக்கட்டம்:

நழுவ இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எண் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2010-இல் வெளியான ஃபால்அவுட்: நியூ வேகாஸை உருவாக்கிய அப்சிடியன் குழுவுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரி 85-ஐத் தொட்டால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. தொகை கிடைக்கவில்லை. அந்த ஒரு புள்ளியைக் குறைத்த எந்த விமர்சகரும் அதற்காகக் குறைத்திருக்க மாட்டார். எட்டரையா எட்டா என்று ஒரு நிமிடம் தயங்கியிருப்பார், அவ்வளவுதான். என் தயக்கம் ஒருவரின் சம்பளமாக மாறுவதை நான் விரும்பவில்லை. பத்தியைச் சராசரி எடுக்க முடியாது என்பதே அதன் சிறப்பு.

கணக்கர்:

அது ஒப்பந்தம் எழுதியவர்களின் குற்றம், எண்ணின் குற்றமன்று. இருந்தாலும் வாதத்தை ஏற்கிறேன். வேறொன்று கேட்கிறேன்: தீர்ப்புக்குத் தேதி போடுவீர்களா? சைபர்பங்க் 2077 வெளியான 2020 டிசம்பரில் அதைப் பழைய பிளேஸ்டேஷனில் ஆடியவர் எழுதியதும், 2023 செப்டம்பரின் 2.0 திருத்தத்துக்குப் பிறகு எழுதியதும் இரண்டும் உண்மையே. முதலில் வந்தது எட்டு நாட்களுக்குள் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே நீக்கப்பட்டது. திறன் மரம் முதல் காவலர்களின் துரத்தல்வரை பிந்தையதில் புதிதாக எழுதப்பட்டன. விமர்சகர்களுக்கு வெளியீட்டுக்கு முன் கணினிப் பிரதி மட்டுமே தரப்பட்டதால், அன்று வந்த புகழுரைகள் பலவும் வாசகர் வாங்கப்போகும் பொருளைப் பற்றியவையே அல்ல. ஆகவே எவ்வளவு தூரம் என்பதோடு, எந்தப் பதிப்பு, எந்தக் கருவி என்பதும் வேண்டும்.

கடைசிக்கட்டம்:

ஏற்கிறேன். மேலே இருப்பவற்றுள் ஸ்ட்ரீட் ஃபைட்டர், சிவிலைசேஷன் இரண்டும் கணினியில். மற்றவை பிளேஸ்டேஷன் 5-இல். மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸைப் பட்டியலில் சேர்க்காததற்கும் இதுவே காரணம். 2025 பிப்ரவரியில் வெளியானபோது கணினிப் பதிப்பு திணறித் திணறி ஓடியது. நான் ஆடிய பதிப்பில் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. நான் "சீராக ஓடுகிறது" என்று எழுதியிருந்தால் பாதிப் பேருக்கு அது பொய்யாகியிருக்கும்.

மூன்றாம்யுகம்:

சிவிலைசேஷன் பத்திக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய வீட்டில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் நூறாவது முறைக்குள் வெற்றி யாருக்கு என்பது தெரிந்துவிடும். மிச்ச ஆட்டம் அடுத்த முறை, அடுத்த முறை என்று பொத்தானை அழுத்தும் சம்பிரதாயம். முன்னணியில் இருப்பவர் பனிப்பந்துபோல் உருண்டு பெருப்பதைத் தடுக்கத்தான் யுகத்தின் முடிவில் எல்லோரையும் ஓரளவு சமமாக நிறுத்துகிறார்கள். மருந்து கசக்கிறது, ஆனால் நோய் இருந்தது. தளபதி ஒருவரின் கீழ் படைகளை அடுக்கி ஒன்றாக நகர்த்தும் ஏற்பாட்டைப் பற்றியும் நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. முன்பு பதினைந்து படையை ஒவ்வொன்றாகக் கணவாய் வழியே நகர்த்திய எவரும் இதற்கு நன்றி சொல்வர்.

இன்னொன்று. நாகரிகம் யுகத்துக்கு யுகம் மாறுவதால் ஒவ்வொன்றையும் அதன் உச்சக் காலத்துக்கென்றே செதுக்க முடிந்திருக்கிறது. இரண்டாம் யுகத்தில் வரும் சோழரைப் பாருங்கள். அவர்களுக்கே உரிய கட்டடங்களின் பெயர்கள் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம். இரண்டையும் வரைபடத்தின் ஒரே கட்டத்தில் எழுப்பினால் ஐந்நூற்றுவர் வளாகம் உருவாகிறது. கோயிலையும் வாளையும் காட்டி முடித்துவிடாமல், கடல் வணிகக் குழுக்களின் பெயரைத் தேடி எடுத்து அவற்றை விளையாட்டின் இயக்கத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். கற்காலச் சோழர், அணுகுண்டுச் சோழர் என்று இழுத்திருந்தால் இந்தக் கூர்மை கிடைத்திருக்காது.

கடைசிக்கட்டம்:

வணிகக் குழுக்களைப் பற்றிச் சொன்னது எனக்கும் பிடித்த இடம்தான். நோய் இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பனிப்பந்தைத் தடுக்க எதிரிகளை வலுவாக்கியிருக்கலாம். என் பந்தை உருக்கியிருக்க வேண்டாம். தலைநகர் நீங்கலாக என் நகரங்கள் மறுபடி சிற்றூர்களாகச் சுருங்கும்போது எனக்குத் தோன்றுவது சமநிலை அன்று, இழப்பு. வெளியான நாளில் இடைமுகம் அரைகுறையாக இருந்ததும் இதற்கு உதவவில்லை: என்ன கரையும், எது மிஞ்சும் என்பதை விளையாட்டு தெளிவாகச் சொல்லவே இல்லை. இந்தத் தீர்ப்பை மாற்றப்போவதில்லை. தளபதிகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பூட்டியஅறை:

ப்ளூ பிரின்ஸைப் பற்றி "காரணம் சலிப்பு" என்று ஒரே சொல்லில் முடித்தது போதாது. எதில் சலிப்பு? அதிர்ஷ்டம்தான் காரணம் என்றால், அது ஓரளவு தவறான புரிதல். ஒரே புதிருக்காகத் தேவையான அறை வரவில்லையே என்று தவிப்பவர் சலிப்பார். ஒரே நாளில் ஆறேழு புதிர்களைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்த அறைக்கு ஏற்ற புதிரைத் தொடர்பவர் சலிக்க மாட்டார். கையில் குறிப்பேடு வைத்துக்கொண்டு ஆட வேண்டிய விளையாட்டு அது.

நான் அதில் காணும் உண்மையான தடை வேறு. அதன் பெயரே ஒலிச்சிலேடை: 'ப்ளூபிரின்ட்ஸ்' (கட்டட வரைபடங்கள்) என்று காதில் விழும். உள்ளே பல புதிர்கள் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து கூடுவதையும் குறைவதையும் நம்பியிருக்கின்றன. ஆங்கிலம் தவிர வேறு மொழி எதிலும் அது வெளிவராததும் அதனால்தான் என்று கருதுகிறேன். ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்று, அதில் கனவு காணாத ஒருவர் அந்தச் சுவரில் மோதும்போது தன் அறிவின்மேலேயே ஐயம் கொள்வார். விமர்சகர்கள் பெரும்பாலும் இதை எழுதுவதில்லை. அவர்களுக்கு அந்தச் சுவர் கண்ணில் படுவதே இல்லை.

கடைசிக்கட்டம்:

இதைப் படித்தபின் சற்று நேரம் யோசித்தேன். நான் நின்றுபோன இடமே அந்தச் சுவர்தான். இணை இணையாகத் தொங்கும் படங்களை வைத்து ஒரு புதிர் உண்டு. அதில் நான் மூன்று நாட்கள் செலவிட்டு விடையைப் பிறரிடம் கேட்டறிந்தேன். விடை தெரிந்தபோது "அட" என்று தோன்றவில்லை. "இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்" என்றே தோன்றியது. அதைச் சலிப்பு என்று பெயரிட்டுக் கடந்துவிட்டேன். பத்தியை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: வீட்டை அடுக்கும் யோசனை அபாரமானது, பிந்தைய புதிர்கள் ஆங்கிலச் சொல்விளையாட்டில் ஊறியவர்களுக்கானவை.

இருபொத்தான்:

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு ஒரு வரிதானா? ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். கால்வட்டம், முழுவட்டம் என்று கட்டுப்பாட்டுக் கோலைச் சுழற்றித்தான் சிறப்புத் தாக்குதலை எடுக்க முடியும் என்ற முப்பதாண்டு வாயிற்கதவை "மாடர்ன்" கட்டுப்பாடு திறந்துவிட்டது: ஒரு திசை, ஒரு பொத்தான், தாக்குதல் வந்துவிடும். அதற்கு விலையாக அப்படி எடுக்கும் சிறப்புத் தாக்குதலின் சேதம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சில சாதாரண அடிகளும் கிடைக்காது. இதனால் புதியவர் முதல் வாரத்திலேயே கைப்பயிற்சியைத் தாண்டி உண்மையான விளையாட்டுக்கு வந்துசேர்கிறார். அது எதிரில் இருப்பவரின் எண்ணத்தைப் படிப்பது. சிறப்பு நுட்பங்களுக்கான சக்தியைக் காட்டும் ஆறு கட்ட டிரைவ் மானியும் அதையே செய்கிறது. தொடங்கும்போதே நிறைந்திருக்கும் அதை வீணடித்துத் தீர்த்தால் சற்று நேரம் அந்த நுட்பங்கள் இல்லாமல் பலவீனமாக ஆட வேண்டும். பணப்பையை முதலிலேயே கையில் கொடுத்து, செலவழிக்கும் புத்தியைச் சோதிக்கும் ஏற்பாடு அது.

நடுநாற்காலி:

இதில் ஒரு முணுமுணுப்பையும் பதிவு செய்கிறேன். எதிரி குதித்தவுடன் ஒற்றைப் பொத்தானில் வீழ்த்திவிடும் மாடர்ன் ஆட்டக்காரரிடம் தோற்கும்போது, கோலைச் சுழற்றப் பத்தாண்டு பழகியவர் மனம் நோகத்தான் செய்யும். ஐந்தில் ஒரு பங்கு குறைவான அடி அந்த நோவுக்கு ஈடாகாது. ஆனாலும் களத்தில் ஆள் இல்லாத சண்டை விளையாட்டைவிட, முணுமுணுப்போர் நிறைந்த சண்டை விளையாட்டே மேல்.

கடைசிக்கட்டம்:

சில்க்சாங்குக்குத் திரும்பியிருக்கிறேன். வாண்டரர் முகடை எடுத்து, அந்தரத்தில் குணமாகப் பழகி, இம்முறை மூன்றாம் அங்கத்தையும் திறந்து முடித்தேன். தேவையான வேலைகளைச் செய்து முடிக்காதவருக்கு அந்த அங்கம் இருப்பதே தெரியாமல் கதை நிறைவுற்றுவிடும் என்பதை இப்போதுதான் உணர்ந்தேன். நான் முன்பு எழுதியது மூன்றில் இரண்டு பங்கைப் பற்றிய தீர்ப்பு. திருத்திய பத்தி: நெருங்கி நின்று அடிக்கத் துணிந்தவருக்கு நூலும் உயிரும் மாறி மாறி ஓடும் அந்தத் தாளம், முதல் விளையாட்டைவிட வேகமானது, அதைவிடச் செழுமையானது. இருக்கைக் கட்டணத்தையும் சில்லுப் பஞ்சத்தையும் திரும்ப ஓடும் தூரத்தையும் நான் இன்னமும் மன்னிக்கவில்லை. "தண்டனையையே ஆழம் என்று எண்ணிக்கொண்ட" என்ற தொடரைத் திரும்பப் பெறுகிறேன்.

ஊசிமுனை:

ஏற்றுக்கொண்டேன். இருக்கைக் கட்டணத்துக்கு மட்டும் ஒரு சொல்: மணிகளைக் கோத்துச் சரமாக்கி வைத்துக்கொண்டால் இறந்தாலும் அவை போகாது. அதைத் தொடக்கத்திலேயே செய்யத் தொடங்கியவர்களுக்குக் கட்டணம் உறைத்திருக்காது. தாங்கள் சரம் கோத்தீர்களா?

கடைசிக்கட்டம்:

இல்லை. சில்லறையாகவே வைத்திருந்து சில்லறையாகவே இழந்தேன்.